பன்னிரண்டு பூஜ்யங்கள்

பதினேழாம் பெட்டிக்குள் தலையை விட்டு, கண்களை மூடி, நெஞ்சு கொள்ளும் மட்டும் மூச்சை இழுத்தார் மூக்கண்ணன். பெட்டி நிறைய ஆப்பிள். மூக்குக்கு எட்டியதோ வெறும் குளிர்.

தலையைத் தூக்கும்போது இடது கண்ணை மட்டும் லேசாகத் திறந்தார். எதிரே குளிர் அறையின் எஃகுக் கதவு கண்ணாடிபோல் பளபளத்தது. மேஜைமேல் அவருக்கு முதுகைக் காட்டி நின்ற கருவியின் முகம் அந்தக் கதவில் தெரிந்தது. சிவப்பாக ஒரு எண் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து நோட்டில் ‘இரண்டு’ என்று எழுதிப் பக்கத்தை மூடினார்.

“முடிஞ்சுதா அண்ணே?” என்று கேட்டுக்கொண்டே பொறியாளர் பெண் கருவியின் முன்பக்கம் வந்து குனிந்தாள். “இது அஞ்சுன்னு சொல்லுது. நீங்க?”

“ரெண்டு.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“இருபத்திரண்டு வருஷமா பாக்கறேன்மா. ரெண்டுன்னா ரெண்டுதான்.”

அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனது. மூக்கண்ணன் மூடிய நோட்டை மறுபடி திறந்து பார்த்தார். அரை நிமிடத்துக்கு முன்னால் இரண்டு காட்டிய கருவி இப்போது ஏன் ஐந்து என்கிறது? மனிதர்கள்தான் பேச்சு மாறுவார்கள் என்று இதுவரை நினைத்திருந்தார்.

அந்தப் பழக்கிடங்கில் அவருடைய வேலை மோந்து பார்ப்பது. ஒரு பெட்டியில் ஒரு பழம் அழுகத் தொடங்கினால் நாலு நாளில் மொத்தப் பெட்டியும் போய்விடும். நாலு வாரத்தில் அறையே போய்விடும். அந்த முதல் பழத்தைக் கண்ணுக்குத் தெரியும் முன்பே மூக்கால் பிடிப்பவர் அவர். ஒன்று என்றால் அன்றைக்குப் பறித்தது. ஐந்து என்றால் இந்த வாரமே விற்றாக வேண்டும். பத்து என்றால் குப்பை. பூஜ்யம் என்று நோட்டில் ஒரு கட்டம் உண்டு. ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அதைத் தொட்டதில்லை. வாசனையே இல்லாத பழம் எங்கே இருக்கிறது?

முதலாளிக்கு இந்த மூக்கின்மேல் அப்படி ஒரு பெருமை. கிடங்கைவிட்டு வெளியே போகும் ஒவ்வொரு பெட்டியிலும் ‘மூக்கு பார்த்த பழம்’ என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டின் நடுவில் ஒரு மூக்குப் படம். வரைந்தவர் நிஜத்தைவிட ஒன்றரை மடங்கு நீளமாக வரைந்துவிட்டார். மூக்கண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் மனைவி அதில் ஒன்றைச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டிவைத்து, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் புழக்கத்தில் இல்லை.

அந்த மூக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. காய்ச்சல் விட்ட பிறகும் திரும்பவில்லை. முதலில் அவருக்கே தெரியவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பின்கட்டிலிருந்து மனைவி ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகியிருந்தது.

“உங்களுக்குத் தெரியலையா?”

“தெரிஞ்சுது. வேற யோசனையில இருந்தேன்.”

அதுதான் முதல் பொய். அவள் கருகிய பாத்திரத்தை வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. காலையில் விளக்கின் முன் நின்று கண்ணை மூடாமல் வேலைக்குக் கிளம்ப மாட்டார். ஆனால் மூக்கை எடுத்துவிட்டால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வி வந்த இடத்தில் பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பொறியாளர் பெண் தன் கருவியோடு வந்து சேர்ந்தாள். நாலு வருட உழைப்பு. ஆண் அந்துப்பூச்சி தன் தலையில் இருக்கும் இரண்டு இறகுக் கொம்புகளாலேயே எங்கோ இருட்டில் இருக்கும் பெண் பூச்சியை மோந்து கண்டுபிடித்துவிடுமாம். அதைப் பார்த்துச் செய்தது. கருவியின் நெற்றியிலும் அப்படி இரண்டு கொம்புகள். அவற்றில் தலைமுடியைவிட மெல்லிய இழைகள். காற்றில் வரும் வாயு இழையில் படிந்தால் அதில் ஓடும் மின்சாரம் துளி மாறும். அந்த மாற்றத்துக்கு என்ன பொருள் என்பதை மட்டும் ஒரு மனித மூக்குதான் அதற்குச் சொல்லித் தர வேண்டும். அதற்காக மூக்கண்ணனின் நாற்பத்தொரு பழைய நோட்டுகளையும் அவள் வரி விடாமல் படித்துக் கருவிக்கு ஊட்டியிருந்தாள். இப்போது பெட்டி பெட்டியாக ஒத்துப் பார்க்கும் வேலை. கிடங்கில் எல்லோரும் கருவிக்குப் ‘பூச்சி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எஃகுக் கதவில் பூச்சியின் எண் தெரிகிறது என்று மூக்கண்ணன் இரண்டாம் நாளே கண்டுகொண்டார். கடவுளே கதவைத் துடைத்துவைத்தது போல இருந்தது.

ஆனால் இந்த இரண்டும் ஐந்தும்! மற்ற எண்களெல்லாம் அண்ணன் தம்பியாக ஒத்துப்போயின. இவை இரண்டு மட்டும் சம்பந்திகள்போல் முறுக்கிக்கொண்டு நின்றன. அவர் இரண்டு என்று எழுதினால் பூச்சி ஐந்து என்றது. அவர் மூக்குக்கு எதிராகப் பேச அந்தப் பெண்ணுக்கு மனமில்லை; பூச்சிதான் தப்பு என்று அதைத் திறந்து திருத்தினாள். மறுநாள் பூச்சி இரண்டு என்றது. அவர் ஐந்து என்று எழுதியிருந்தார். மறுபடி திருத்தினாள். மறுபடி மாறியது. இரண்டு வாரத்தில் அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது.

மூக்கண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. தன் ஃப்ளாஸ்க் டீயில் பாதியை அவளுக்கு ஊற்றிக் கொடுத்தார். அவள் குடித்துக்கொண்டே, இந்த மாதத்துக்குள் சரியாக வரவில்லை என்றால் கருவியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வரும்படி மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள் என்றாள். குரல் உடையவில்லை. அதுதான் அவரை இன்னும் உறுத்தியது.

மறுநாள் பூச்சி சொல்வதை முதலில் கேட்டுவிட்டு எழுதுகிறேனே என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார். அவள் பதறிவிட்டாள்.

“அய்யோ, கூடவே கூடாது அண்ணே. உங்க மூக்கு சுத்தமான மூக்கு. அதைப் பூச்சி கெடுத்துடக் கூடாது.”

வேறு வழியில்லாமல், கதவில் இரண்டோ ஐந்தோ தெரிந்தபோதெல்லாம் இருவருக்கும் நடுவில் நிற்போம் என்று மூன்றரை போட்டார். சமாதானம் செய்துவைத்ததாக நினைப்பு. அன்று முழுவதும் மூன்றரையாகவே வந்தது. ஒரு லாரி நிறையப் பழம் ஒரே நேரத்தில் மூன்றரைக்கு எப்படி வரும் என்று தலையில் கைவைத்துக்கொண்ட அந்தப் பெண், கருவியின் கொம்புகள் இரண்டையும் கழற்றி, ஒவ்வொரு இழையாகத் துடைக்க ஆரம்பித்தாள்.

அதைப் பார்த்துவிட்ட முதலாளி ஒரு முடிவுக்கு வந்தார். பழம் வாங்குகிற வியாபாரி ஒருவரைக் கூப்பிட்டு, அவர் முன்னால் மூக்கண்ணனையும் பூச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது. பூச்சி தோற்றால் அன்றைக்கே மூட்டை கட்டிவிடலாம்.

“நம்ம மூக்கை ஜெயிக்க எந்தப் பூச்சி பிறந்திருக்கு?” என்று அவர் மூக்கண்ணனின் தோளில் தட்டினார். தட்டிய தோள் அன்று முழுவதும் கனத்தது.

தான் வாயைத் திறக்காவிட்டால் ஒரு குற்றமும் செய்யாத கருவி தண்டனை வாங்கப் போகிறது. வாயைத் திறந்தால் மூக்குப் படம் போட்ட ஆயிரம் சீட்டுகளும் பொய்யாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் அவருக்கு ஜலதோஷம்தான் தோன்றியது. சோதனையன்று காலையில் சமையலறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு சிட்டிகை மிளகுத்தூளை மூக்கில் இழுத்தார். மிளகு மணக்கவில்லை. ஆனால் தும்மல் மட்டும் பாரபட்சம் பார்க்கவில்லை. அடுத்தடுத்துப் பதினான்கு வந்தன. கண்ணும் மூக்கும் ஒழுக, நிஜமாகவே நோயாளி ஆகிவிட்டார்.

மனைவி அவரைப் போர்வைக்குள் தள்ளி ஆவி பிடிக்க வைத்தாள். மிளகு டப்பாவின் மூடி திறந்து கிடந்ததை அவள் பார்த்தாளோ என்னவோ.

ஜலதோஷத்தால் கிடைத்தது இதுதான். முதலாளி சோதனையை மூன்று நாள் தள்ளிவைத்தார். தள்ளிவைத்த மூன்று நாளில் இன்னும் இரண்டு வியாபாரிகளைக் கூப்பிட்டுவிட்டார்.

அன்று மாலை பொறியாளர் பெண் ஒரு பொட்டலம் தொண்டை மிட்டாயோடு வீட்டுக்கு வந்தாள். தன்னை ஏமாற்றுகிறவனுக்கு மிட்டாய் வாங்கி வந்திருக்கிறாளே என்று நினைத்தபோது மூக்கண்ணனுக்கு மிட்டாய் தொண்டையில் இறங்கவில்லை. அவள் கிளம்பும்போது மனைவி வாசல்வரை போய் வழியனுப்பினாள். இருவரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். ஜன்னல் வழியே பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. தன் பெருமையைத்தான் பேசிக்கொண்டிருப்பாள் என்று நினைத்து இன்னும் கூனிப்போனார்.

மூன்று நாளும் ஓடிவிட்டன. சோதனைக்கு முந்தின மாலையும் மனைவி, அதற்கு முதல் நாள் போலவே, இருட்டுகிற நேரத்துக்குத்தான் வீடு வந்தாள். புடவை நனைந்திருந்தது. விரல் நுனியெல்லாம் வெகுநேரம் தண்ணீரில் ஊறினாற்போல் சுருங்கிப்போயிருந்தது. அக்கா வீட்டில் திரைச்சீலை துவைத்ததாகச் சொன்னாள். ரெண்டு நாளாகவா என்று அவர் கேட்டார். பெரிய ஜன்னல் என்று சொல்லிவிட்டாள்.

காலையில் அவர் செருப்பை மாட்டும்போது அவள் பக்கத்தில் வந்து நின்றாள். “உங்களுக்குத் தோணுறதை எழுதுங்க. தோணாததை எழுதாதீங்க. அவ்வளவுதான்.”

எப்போதும் ‘ஜெயிச்சுட்டு வாங்க’ என்று சொல்லி அனுப்புகிறவள்.

கிடங்கில் நீளமேஜைமேல் பன்னிரண்டு பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின்மேலும் வெள்ளைத் துணி. யாரும் துணியைத் தூக்கக் கூடாது, அதன்மேல் குனிந்து மோந்து எண்ணை மட்டும் எழுத வேண்டும் என்று பொறியாளர் பெண் விளக்கினாள். முதலாளி சும்மா நிற்கவில்லை. “நாங்களும் எழுதறோம்” என்று தனக்கும் மூன்று வியாபாரிகளுக்கும் தாள் வாங்கிக்கொண்டார்.

மூக்கண்ணன் தன் இடத்தில் போய் நின்று, பழக்கதோஷத்தில் எதிரே பார்த்தார். எஃகுக் கதவின்மேல் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. மேலிருந்து கீழ்வரை.

அன்று கதவைத் துடைத்துவைத்த கடவுளே இன்று மூடியும் வைத்துவிட்டார். ஆனால் ஆச்சரியம் என்னவென்றால், பயத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. இனிமேல் பார்த்து எழுத ஒன்றும் இல்லை.

முதல் பெட்டிமேல் குனிந்தார். மூச்சை இழுத்தார். குளிர். துணி. ஒன்றும் இல்லை. பக்கத்தில் முதலாளி உறுமி உறுமி மோந்து, தலையை ஆட்டி, எதையோ நீளமாக எழுதிக்கொண்டிருந்தார். வியாபாரிகளில் குண்டாக இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டு “ம்ம்” என்றார்.

மூக்கண்ணன் பேனாவை எடுத்தார். இருபத்திரண்டு வருடமாக யாரும் தொடாத கட்டத்தில் ஒரு பூஜ்யம் போட்டார். போட்ட கையோடு கண்ணில் நீர் முட்டியது. மூன்று மாதத்தில் அவர் எழுதிய முதல் நிஜமான எண் அது. இரண்டாம் பெட்டிக்கும் பூஜ்யம். மூன்றாவதற்கும். பன்னிரண்டாவதை எழுதி முடித்தபோது, போவதாவது நல்லபடியாகப் போகலாம் என்று முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

தாள்கள் கைமாறும் முன்பே பேசிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். முதலாளி கையைக் காட்டி அடக்கிவிட்டு, தன் தாளைத் தானே சத்தமாகப் படித்தார்: முதல் பெட்டி நாலு, மூன்றாவது ஆறு, அடியில் ஒன்று கெட்டிருக்கிறது, ஒன்பதாவது எட்டு, தாங்காது. வியாபாரிகளும் கிட்டத்தட்ட அப்படியே சொன்னார்கள். குண்டு வியாபாரி ஏழாம் பெட்டியில் பேரிக்காய் கலந்திருப்பதாகக்கூட எழுதியிருந்தார்.

“பூச்சி என்ன சொல்லுது?” என்றார் முதலாளி.

“பன்னிரண்டும் பூஜ்யம் சார்,” என்றாள் பொறியாளர் பெண்.

முதலாளி சிரித்தார். “மூட்டை கட்டும்மா. மூக்கண்ணே, நீங்க சொல்லுங்க.”

மூக்கண்ணன் தாளை நீட்டினார். வாங்கிப் பார்த்த முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது. அந்தப் பெண் மேஜையோரமாக நடந்துபோய்ப் பன்னிரண்டு துணிகளையும் எடுத்தாள். பன்னிரண்டு பெட்டிகளும் காலி. கழுவிக் காயவைத்த வெறும் பெட்டிகள்.

முதலாளி முதல் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார்.

“ஒரு மூக்கு முதல்ல கத்துக்க வேண்டியது, ஒண்ணும் இல்லாத இடத்துல சும்மா இருக்கத்தான் சார்,” என்றாள் அவள். “இந்தச் சோதனையை எந்தக் கருவிக்கும் செய்வோம்.”

முதலாளி மூக்கண்ணனைக் கட்டிப்பிடிக்கப் போனார். மூக்கண்ணன் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“மன்னிச்சுடுங்க. எனக்கு மூக்கு இல்லீங்க. காய்ச்சலோட போயிடுச்சு. மூணு மாசமாச்சு. பூச்சி வந்ததுலேருந்து கதவுல தெரியற அதோட எண்ணைப் பாத்துத்தான் எழுதினேன். பூச்சி மேல தப்பே இல்ல. இந்தப் பொண்ணை அனுப்பாதீங்க. அனுப்பணும்னா என்னை அனுப்புங்க.”

முதலாளி அவரைப் பார்த்தார். பிறகு தன் கையில் இருந்த தாளைப் பார்த்தார். காற்றை மோந்து எழுதிய பன்னிரண்டு எண்கள். அதை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் ஆழமாகத் திணித்தார். குண்டு வியாபாரியும் அதையே செய்தார்.

“மூக்கு இருக்கிற நாங்க நாலு பேரும் இல்லாத பழத்தை மோந்திருக்கோம்,” என்றார் மெதுவாக. “மூக்கு இல்லைன்னு சொல்ற நீங்க ஒருத்தர்தான் இல்லாததை இல்லைன்னு எழுதியிருக்கீங்க. உங்களை அனுப்பிட்டு நான் யாரை வெச்சுக்கிறது? பூச்சி இனிமே உங்க பொறுப்பு.”

அந்தப் பெண் கதவின் காகிதத்தைக் கிழித்து, மூக்கண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். பூச்சியின் எண்கள் கால்குலேட்டரில் வருவதுபோல் நேர்க்கோடுகளால் ஆனவை; கண்ணாடியில் திரும்பினாலும் மற்றவை அடையாளம் தெரியும், இரண்டும் ஐந்தும் மட்டும் ஒன்று மற்றொன்றாகிவிடும். பூச்சியில் இரண்டை எரியவிட்டாள். கதவில் ஐந்து தெரிந்தது. ஐந்தை எரியவிட்டாள், இரண்டு. மூக்கண்ணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மூன்று மாதத்தில் அதுவும் முதல் தடவை.

“நான் எழுதின தப்பெல்லாம் இதுக்குள்ள போயிருக்குமேம்மா?”

“அந்த மூணு மாசத்தை முந்தாநாளே எடுத்துட்டேன் அண்ணே. இப்ப உள்ள இருக்கிறது உங்க நாற்பத்தொரு நோட்டு மட்டும்தான். இது மோந்தா, நீங்க மோந்த மாதிரி.”

பிறகு எல்லோருமாகப் பூச்சியைத் தள்ளிக்கொண்டு நாலாம் அறைக்குப் போனார்கள். மூன்றாம் வரிசையில் அது சிவப்பு காட்டியது. கிடங்கு ஆள் ஒருவர் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார். அடியில், கட்டைவிரல் அகலத்துக்குத் தோல் கறுத்த ஒரே ஒரு பழம். மூன்று வியாபாரிகளும் குனிந்து பார்த்தார்கள். மூக்கண்ணனுக்கு நெஞ்சு விம்மியது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல அந்தக் கருவியைப் பார்த்தார். அதன் நெற்றியில் ஒரு மூக்குச் சீட்டைத் தானே ஒட்டினார்.

வீட்டுக்கு நடக்கும் வழியில்தான் ஒன்று உறைத்தது. முந்தாநாளே எடுத்துவிட்டாளா? முந்தாநாள் அவருக்கு மூக்கு இல்லை என்பது யாருக்கும் தெரியாதே.

மனைவி அடுப்பில் பாலை வைத்துவிட்டு அலமாரிக்கு முன்னால் நின்றிருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னார். காய்ச்சல், கதவு, மூன்றரை, மிளகு, பன்னிரண்டு பூஜ்யம். கடைசியாக, உன்கிட்டயும் மறைச்சுட்டேன் என்றார். அவள் முகத்தில் கோபத்தைத் தேடினார். இல்லை. வீட்டுக்கு முதன்முதலாக அவருடைய மூக்குச் சீட்டு வந்த நாளில் எப்படி நின்றாளோ, அப்படியே தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

“பெட்டி அத்தனையும் காலி,” என்றார் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “வருஷக்கணக்கா பழம் வெச்ச மரப்பெட்டி. பூச்சிக்கே துளி வாசனை எட்டலைன்னா பாத்துக்கோ.”

அவள் பாலைப் பார்த்துக்கொண்டே அடுப்பைத் தணித்தாள்.

“எப்படிங்க எட்டும்? ரெண்டு நாளா உக்காந்து, பன்னிரண்டையும் நாலு தண்ணி விட்டுத் தேய்ச்சது நானாச்சே.”